அவிழாத செருப்பு வார்

“டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா, இல்ல சுவத்துல பல்லி பாத்துட்டு இருந்தீங்களா?”

“விழுந்துச்சு, விழுந்துச்சு.”

“என்ன சொன்னாங்க, சொல்லுங்க பாப்போம்.”

“மத்த பிள்ளைங்க மாதிரியே வளர்க்கச் சொன்னாங்க.”

“ஆங். பொத்திப் பொத்தி வெச்சா பிள்ளை பயந்தாங்கொள்ளி ஆயிடும்னாங்க. அதனால இன்னையிலேர்ந்து இவளை யாரும் தூக்கக் கூடாது. நானும் தூக்க மாட்டேன், நீங்களும் தூக்கக் கூடாது. எங்க போனாலும் நடந்து வரட்டும்.”

“தூக்காதேன்னு அவங்க சொல்லலையே.”

“எல்லாத்தையும் எழுதியா குடுப்பாங்க? நாமதான் புரிஞ்சுக்கணும்.”

“சின்னப் பிள்ளை. தூக்கிக்கோன்னு கேட்டா?”

“கேட்டா, நீ பெரிய பொண்ணுன்னு சொல்லுங்க. ரெண்டு நாள் கேப்பா, அப்புறம் பழகிடும்.”

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இது. இருவருக்கும் நடுவில் அந்தப் பெரிய பொண்ணு, தரைக்கு எட்டாத கால்களை ஆட்டியபடி, ரொட்டியின் ஓரத்தை மட்டும் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

குழந்தையின் இதயத்தில் ஒரு வால்வு பிறந்ததிலிருந்தே சரியாக மூடுவதில்லை. டாக்டரம்மா அதைக் கதவு என்றே சொல்லிப் புரியவைத்திருந்தார். முன்னே போக வேண்டிய ரத்தத்தில் கொஞ்சம் அந்தக் கதவின் இடுக்கு வழியாகப் பின்னால் கசிகிறது. பிள்ளை வளரட்டும், பிறகு சரிசெய்யலாம். அதுவரை மூச்சு வாங்குகிறதா, சோர்ந்து உட்காருகிறாளா என்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள் என்பதே பேச்சு.

அம்மாவும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பெஞ்சுப் பேச்சுக்குச் சில வாரம் முன்பு, தெரு மேட்டில் ஏறும்போது குழந்தை நின்று, “அம்மா, மூச்சு வர மாட்டேங்குது” என்றாள். அவ்வளவுதான். அம்மா கையிலிருந்த துணி மூட்டையைத் தெருவிலேயே போட்டாள். போகிற வண்டியை நடுரோட்டில் நின்று மறித்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் போட்ட கூச்சலில் வண்டிக்காரரே அழுதுவிட்டார். குழந்தையின் இரண்டு கையிலும் ஊசி ஏறியது. நரம்பு கிடைக்காமல் காலிலும் குத்தினார்கள். கடைசியில் அது நெஞ்சுச் சளி. வால்வு பழையபடிதான் இருந்தது. ஆனால் அந்த வார்டில் இருந்த நாளெல்லாம் அம்மா கண் காயாமல் அழுதாள். அழாத நேரத்தில் புருஷனைத் திட்டினாள்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டு, இப்படிப் பதறினால் பிள்ளைக்குத்தான் கெடுதல், மற்ற குழந்தைகளைப் போல வளருங்கள் என்றார். அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தையல்காரி இல்லையா? ஒரு தையல் போதும் என்றால் இரண்டு போட்டுவிட்டுத்தான் நூலை அறுப்பாள்.

குழந்தை ரெண்டு நாள்கூடக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்தே நடந்தாள்.

நடந்தாள் என்றால், அது ஒரு நடையா! பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் தெரு மேட்டின் உச்சியில் இருந்தது. அம்மாவுக்கு அங்கே காலர் தைக்கும் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் கூடவே கூட்டிப் போவாள். மனுஷர் மாதிரி நடந்தால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் ஏறிவிடலாம். இவளுடன் போனால் ஊர்வலம்தான்.

முதலில் மீன்தொட்டிக் கடை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவாள்.

“வாடி, நேத்து பாத்த மீன்தானே!”

“அந்தச் செவப்பு மீன் இன்னைக்குக் கோவமா இருக்கும்மா.”

“அதுக்கு உன்னைப் பாத்தாலே கோவம் வருது. வா.”

அடுத்தது சாவி செய்கிறவரின் பெட்டிக் கடை. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க ஆபீசர், இன்னைக்கு என்ன சோதனை?” என்பார். இவள் தொங்கும் சாவிகளில் எது பெரியது என்று பார்த்துச் சொல்லாமல் நகர மாட்டாள். அதற்கும் மேலே, மேடு செங்குத்தாகிற இடத்தில் ஒரு நீளமான மதில். அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றுமே கிடையாது. அங்கே வந்ததும் குனிந்து செருப்பைப் பிடித்துக்கொள்வாள்.

“அம்மா, வார் அவுந்துடுச்சு.”

“மறுபடியுமா? இந்தச் செருப்பைச் செஞ்சவன் கையில கெடைச்சான்னா…”

மூட்டையை மதில்மேல் வைத்துவிட்டு, அம்மா மண்டியிட்டு வாரை இறுக்குவாள். செருப்புக் கடைக்காரரிடம் சண்டை போட்டு ஒருமுறை கொக்கியை மாற்றி வாங்கினாள். அப்படியும் அவிழ்ந்தது. பிறகு அந்த வாரைக் கூடத்துக்கு எடுத்துப்போய், புத்தகப் பைக்குப் போடும் தடித்த நூலில் தன் கையாலேயே இரட்டைத் தையல் போட்டாள். அந்தத் தையல் யானை இழுத்தாலும் விடாது. மறுநாள் காலை, அதே மதிலோரம், “அம்மா, வார் அவுந்துடுச்சு.”

“ஒரு எறும்பைக்கூட விடாது, நின்னு குசலம் விசாரிக்கும். வேடிக்கைப் பைத்தியம்!” என்று கூடத்தில் சொல்லிச் சொல்லி மாய்வாள்.

பொத்தான் துளை தைக்கிற காஜா அக்கா அதற்கு ஒத்து ஊதுவாள். “இவ கல்யாணத்துக்கு இவளே லேட்டாத்தான் வருவா பாரு. மாப்பிள்ளை உக்காந்து கொட்டாவி விட்டுட்டு இருப்பான். என்ன பொத்தான், சரிதானே?”

கூடத்தில் அவளுக்குப் பொத்தான் என்றுதான் பேர். துணி வெட்டுகிற பெரிய மேசைக்கு அடியில் அவள் ராஜ்ஜியம். வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகள் மெத்தை. உடைந்த பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பது உத்தியோகம். காஜா அக்கா தைத்துக் கொடுத்த துணிப் பாப்பா ஒன்று, முகத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான் கண்ணோடு, கூடவே இருக்கும்.

“தங்கமான பிள்ளை. வெச்ச எடத்துல இருக்கா. என் வீட்டுல ரெண்டு இருக்குதுங்க, கயிறு போட்டுக் கட்டணும்” என்பார் துணி வெட்டும் மாஸ்டர். அவர் கழுத்தில் டேப் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் கழற்றுவதில்லை என்று காஜா அக்கா கிளப்பிவிட்டிருந்தாள்.

அம்மாவுக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்க நெஞ்சு நிறையும். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா, “மூச்சு வாங்குறாளா?” என்பார். “இல்லவே இல்ல டாக்டர். எங்க வீடு மூணாவது மாடி. சாயங்காலம் நான் முன்னாடி ஏறிடுவேன், இவ கீழ நின்னு அவ அப்பாகூட ஒரே மூச்சுல ஏறி வர்றா. நான்தான் வாசல்ல நின்னு பாக்கறேனே!” என்பாள். குழந்தையைக் கேட்டால் அவளும் தலையை இடமும் வலமுமாக ஆட்டுவாள். சரி, இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள்.

அன்று மதியத்திலிருந்தே வானம் கறுத்து, இடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். கூடத்தில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பேசுவதென்றால் கத்த வேண்டும். இல்லாவிட்டால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

“மழை வர்றதுக்குள்ள முடிச்சுடு, காலரு!” என்று மாஸ்டர் கத்தினார்.

“மழை என் காலரையா நனைக்கப் போவுது? நீங்க கையை வெட்டிக் குடுங்க முதல்ல!” என்று அம்மாவும் கத்தினாள்.

“அவரு கையை வெட்டிக் குடுத்தா அப்புறம் கத்தரியை யாருடி புடிப்பா?” என்று காஜா அக்கா சொல்ல, சட்டையின் கையைப் பற்றிய அந்தச் சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது.

அப்போதுதான் கரண்ட் போனது.

மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. விசிறிகள் சுற்றிச் சுற்றி நின்றன. நாளெல்லாம் இரைச்சலில் இருந்தவர்களுக்கு அந்த அமைதி காதை அடைத்தது. அந்த அமைதிக்குள், மேசைக்கு அடியிலிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது. அது ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த குரல். மெஷின் நின்றது அதற்குத் தெரியவில்லை.

“பாப்பா, மேடு வருது. உனக்கு நெஞ்சு தப்பு தப்புன்னு அடிக்குதா? சொல்லக் கூடாது. மீன் பாரு. மீனு கோவமா இருக்குன்னு சொல்லு. அதுக்குள்ள கொஞ்சம் மூச்சு வந்துடும்.”

காஜா அக்கா சிரிப்பதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

“இங்க மீன் இல்ல, சாவியும் இல்ல. இங்க செருப்பைப் புடிச்சுக்கணும். கையால மூடிக்கோ, அம்மா பாக்கக் கூடாது. வார் அவுந்துடுச்சும்மான்னு சொல்லு. அம்மா குனிஞ்சு மாட்டுவாங்க. மெதுவா மூச்சு விடு. சத்தம் வரக் கூடாது. ம்… அப்படித்தான். சமர்த்து.”

துணிப் பாப்பாவைத் தட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

“மூச்சுன்னு மட்டும் சொல்லவே கூடாது. சொன்னா அம்மா அழுவாங்க. அப்பாவைத் திட்டுவாங்க. கால்ல ஊசி குத்துவாங்க. தூக்கிக்கோன்னும் கேக்கக் கூடாது பாப்பா. நீ பெரிய பொண்ணு.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஒருத்தரும் அசையவில்லை. மாஸ்டர் கழுத்து டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்தபடி நின்றார். எல்லோரும் அம்மாவைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமலும் இருக்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. யாரோ பின்னந்தலையில் ஓங்கி அடித்ததுபோல இருந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் அந்தச் செருப்பு வார் மட்டும் வந்தது. எத்தனை தரம் மண்டியிட்டிருப்பாள்! கொக்கி எப்போதும் ஒரே துளையில்தான் இருந்தது. மேலே மூடியிருந்த குட்டிக் கையை விலக்கி, கொக்கியைக் கழற்றி, அதே துளையில் மறுபடி மாட்டி, ‘ஆச்சு, வா’ என்று இழுத்துப் போயிருக்கிறாள். அவள் போட்ட இரட்டைத் தையல் விடவே இல்லை. அந்த வார் ஒருநாளும் அவிழ்ந்ததே இல்லை.

கரண்ட் வந்தது. அவள் கால் மிதியிலேயே அழுந்திக் கிடந்திருக்கிறது. மெஷின் தானாகப் பாய்ந்து, காலரைத் தாண்டி, துணியை முறுக்கிச் சுருட்டிக்கொண்டு விரல் வரை வந்துவிட்டது. காஜா அக்கா ஓடிவந்து சுவிட்சைத் தட்டினாள்.

“காலை எடுடி! ஏய், காலை எடு!”

“அக்கா,” என்றாள் அம்மா. குரல் வேறு யாருடையதோ போல வந்தது. “வார் அவுழவே இல்லக்கா.”

“எந்திரி. முதல்ல எந்திரி. மாஸ்டர், ஒரு வண்டி புடிங்க.”

மேசைக்கு அடியிலிருந்து பொத்தான் தலையை நீட்டினாள். எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எதுவோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, துணிப் பாப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“நான் ஒண்ணும் செய்யலம்மா” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து வெகுநேரம் திரையையே பார்த்தார். வேலை செய்யும் ரொட்டிக் கடை அடுப்படியிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்த அப்பாவின் முழங்கை வரை மாவு. குழந்தையைச் செவிலி வெளியே கூட்டிப்போனதும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கசிவு நல்லாவே கூடியிருக்கு. அதிகமா வேலை செஞ்சு செஞ்சு இதயத்தோட இடது பக்கம் பெருத்திருக்கு. எவ்வளவு நாளா மூச்சு வாங்குறா?”

அம்மா வாயைத் திறந்தாள். செருப்பு வாங்கியது எப்போது? மீன்தொட்டி எப்போதிலிருந்து? யோசிக்க யோசிக்கப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

“தெரியல டாக்டர். நான் கூடவேதான் இருக்கேன். தெரியல.”

“வீட்டுப் படி ஏறுறதுல கஷ்டமே இல்லன்னு சொன்னீங்களே?”

அம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், சாட்சிக்கு. அவன் கையிலிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“படியில நான்தான் தூக்கிட்டுப் போவேன்” என்றான்.

“என்னது?”

“நம்ம வாசலுக்கு ஒரு வளைவு முன்னாடி எறக்கி விட்டுடுவேன். அங்கேர்ந்து நடந்து வருவா. நீ சத்தம் போடுவேன்னு சொல்லல.”

“தூக்கச் சொல்லிக் கேட்டாளா?”

“கேக்க மாட்டா. ஒருநாளும் வாயைத் திறந்து கேட்டதில்ல. முதல் படியில நின்னு அண்ணாந்து என் முகத்தைப் பாப்பா. அவ்வளவுதான். அப்பனாச்சே, செல்லம் கொஞ்சுறான்னு நெனச்சேன்.”

“நான் வாசல்ல நின்னு கை தட்டினேனே,” என்றாள் அம்மா மெல்ல. “மூணு மாடியும் ஏறி வந்துட்டியா என் சிங்கமேன்னு கை தட்டினேனே! பேசாம நின்னு பாத்துட்டு இருந்தீங்களே!”

அவன், அவள் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த ஒரு நூல் துணுக்கை எடுத்து, அதை எங்கே போடுவதென்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டான்.

“சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க,” என்றார் டாக்டரம்மா, கடிந்துகொள்ளாமல். “இனிக் காத்திருக்கிறது சரியில்ல. அடுத்த வாரம் சேர்த்துடுங்க, கதவைச் சரி பண்ணிடலாம். பயப்படாதீங்க, இந்த வயசுல நல்லா தேறி வருவாங்க. அதுவரைக்கும் மேடு, படி எதுவும் ஏறவேண்டாம், தூக்கிக்கோங்க. ஆனா ஒண்ணு. ஆபரேஷனுக்கு அப்புறம் எங்க வலிக்குது, மூச்சு முட்டுதான்னு அவ வாயாலதான் சொல்லணும். மிஷின் பாதிதான் சொல்லும். இவ மறைச்சா எங்களுக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியலையே!”

அந்தக் கடைசி வார்த்தை அம்மாவுக்குள் இறங்கிப் போய் எங்கோ நின்றுவிட்டது. மூவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். மழை விட்டு, வெளுத்த சாயங்கால வெயில் ஈரத் தெருவில் விழுந்திருந்தது. குழந்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுப் படிக்கட்டின் அடியில் அப்பா குனிந்து கையை நீட்டினான். குழந்தை பின்னால் நகர்ந்தாள். அம்மா இருக்கிறாளே!

“வாடா, அப்பா தூக்கிக்கிறேன்.”

“வேணாம். நான் நடப்பேன்.”

“நான் தூக்கிக்கட்டுமா?” என்றாள் அம்மா.

குழந்தை அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். இது சோதனை என்றே முடிவு செய்துவிட்டாள். “நான் பெரிய பொண்ணு” என்று சொல்லி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். அம்மா இடுப்பைப் பற்றியதும் உடம்பு கட்டையாக விறைத்தது. கண் கலங்கியது, உதடு பிதுங்கியது. இப்போது அழவிட்டால் மூச்சு இன்னும் முட்டுமே என்று அம்மா கையை எடுத்துவிட்டாள்.

இரண்டு படி. இன்னொன்று. சத்தம் வராமல் விடுகிற அந்த மூச்சு இப்போது அம்மாவுக்குக் கேட்டது. கழுத்துக்குழி உள்ளே போய் உள்ளே போய் வருவதும் தெரிந்தது. இது இத்தனை நாளும் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. வளைவுக்கு வருவதற்குள் குழந்தை குனிந்து செருப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, வார்…”

அம்மா மண்டியிடவில்லை. அந்தப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பின்னால் பையோடு வந்த அப்பாவும் நின்றுவிட்டான்.

“எனக்கு மூச்சு வாங்குதுடி” என்றாள் அம்மா.

பொய் இல்லை. மதியத்திலிருந்து அவளுக்கு மூச்சு சரியாக வரவில்லை.

குழந்தையின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், அவன் காதில் விழுந்துவிட்டதா என்று. பிறகு அம்மாவின் அருகில் வந்து, காதோடு ரகசியமாக, “சொல்லாதேம்மா. உன் செருப்பைப் புடிச்சுக்கோ” என்றாள். அவளே குனிந்து அம்மாவின் செருப்பின்மேல் தன் கையை வைத்து மூடினாள். “வார் அவுந்துடுச்சுன்னு சொல்லு. நான் மாட்டி விடறேன். நீ மெதுவா மூச்சு விடு.”

அம்மா அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடக் கூடாது. உலகத்தில் எதற்கு வேண்டுமானாலும் அழலாம், இப்போது இந்தப் படியில் மட்டும் அழக் கூடாது.

“வார் சரியாத்தான் இருக்கு. எனக்கு மூச்சுதான்.”

“சொன்னா ஊசி போடுவாங்களே.”

“போடுவாங்க. கொஞ்சம் வலிக்கும். அப்புறம் சரியாயிடும்.”

“நீ அழுவியா?”

“பாரு. அழறேனா?”

குழந்தை பார்த்தாள். அவசரமில்லாமல், சாவிக் கடையில் பெரிய சாவியைத் தேடுவதுபோல, அம்மாவின் ஒரு கண்ணை, பிறகு மறு கண்ணை, கன்னத்தை, வாயோரத்தை. விரலால் இமையைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அப்பாவைத் திட்டுவியா?”

“மாட்டேன்.”

“கொஞ்சமா திட்டட்டும், பரவால்ல” என்றான் அப்பா கீழ்ப்படியிலிருந்து. அவன் குரல் உடைந்திருந்தது.

குழந்தை அம்மாவின் செருப்பிலிருந்து கையை எடுத்தாள். மேலே போகிற படிகளை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். துணிப் பாப்பாவை அம்மாவின் மடியில் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“அம்மா, என்னால முடியல. தூக்கிக்கோ.”